பாட்டியின் நோயைப் படிக்கத் துடிக்கும் மகள்

அன்புள்ள அம்மா,

நீட் எழுதி சீட் கிடைக்கவில்லை. இன்னொரு வருஷம் கோச்சிங் போகச் சொன்னால் மகள் மறுக்கிறாள். “சிகரெட்டையே தொடாத பாட்டிக்கு நுரையீரல் புற்றுநோய் எப்படி வந்தது என்று படிக்கப் போகிறேன்” என்கிறாள். இதெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்கிறீர்கள். படிப்புதான் அம்மா, நல்ல படிப்பு.

பாட்டி காலமெல்லாம் விறகடுப்பில் சமைத்தவர் என்கிறீர்கள். அவருக்கு அதனால்தான் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் புகையில் பென்சோபைரீன் என்ற பொருள் உண்டு. தண்ணீரில் எளிதில் கரையாது. கரைத்து வெளியேற்றத்தான் உடம்பின் நொதிகள் அதில் ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. அந்த வேலையின் நடுவில் பிறக்கும் பொருள் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினில் (‘ஜி’) போய் ஒட்டிக்கொள்கிறது. செல் பிரியும்போது ‘ஜி’ இருந்த இடத்தில் ‘டி’ என்ற வேறு எழுத்து வந்துவிடுகிறது. பி53 என்ற காவல் மரபணுவில் இது நடந்தால், கெட்ட செல்லைத் தடுக்க ஆளில்லாமல் போகிறது. சீனாவின் சுவான்வெய் பகுதியில் வீட்டுக்குள் புகை மிகுந்த நிலக்கரி எரித்த, புகைபிடிக்காத பெண்களின் கட்டிகளில் இந்தத் தடத்தையே பார்த்தார்கள். அடுப்புக்குப் புகைபோக்கி வைத்த வீடுகளில் நோய் குறைந்தது.

இது ஒரு வழி மட்டுமே. 2023இல் லண்டனில் புற்றுநோய் ஆய்வாளர் சார்லஸ் ஸ்வாண்டனின் குழு இன்னொன்றைக் காட்டியது. பி.எம். 2.5 என்ற, காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய தூசி புதிதாக மரபணுவைக் கெடுக்காமலே, ஏற்கெனவே இ.ஜி.எஃப்.ஆர். என்ற வளர்ச்சி மரபணுவில் மாற்றத்தோடு தூங்கும் செல்லை அழற்சியால் எழுப்பிவிடுகிறது. எலிகளில் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதத்தைத் தடுத்தபோது கட்டி உருவாவது குறைந்தது. உங்கள் மகள் கேட்கும் கேள்வி இன்னும் சூடாக இருக்கிறது என்பதற்கு இதுவே போதும்.

அறிவியல் படிப்புக்கான மத்திய அரசு நிறுவனமான ஐசரின் நுழைவுத்தேர்வு எழுதலாம். அதே மாதிரியான புவனேஸ்வர் நைசருக்கு நெஸ்ட் தேர்வு. இல்லையென்றால் பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்து எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வு, பிறகு ஆராய்ச்சிக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. லக்னோ நச்சியல் நிறுவனம், போபாலின் சுற்றுச்சூழல் சுகாதார நிறுவனம், நவி மும்பையின் ஆக்ட்ரெக் புற்றுநோய் ஆய்வு மையம் எல்லாம் இந்த வேலை நடக்கும் இடங்கள். மறைக்காமல் சொல்கிறேன்: முனைவர் பட்டம்வரை பத்து வருஷமாவது ஆகும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும், அதற்குமுன் பெரும்பாலும் வீட்டுக் காசுதான். புள்ளியியலையும் பைத்தான் என்ற கணினி மொழியையும் இப்போதே தொடங்கட்டும்.

கல்லூரி பார்க்கப் போகும்போது லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே உண்மையில் வேலை நடக்கிறதா என்று தெரிய, டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பி.சி.ஆர். மெஷின்மேல் உறை போட்டு மூடியிருக்கிறதா, பக்கத்தில் யாராவது திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டோடு நிற்கிறார்களா என்று பாருங்கள். மகளையும் கூட்டிப்போங்கள், கேள்விகளை அவளே கேட்கட்டும்.