முயல்கள்

அன்புள்ள ஐயா,

நாஜி முகாம்களில் கைதிகள்மேல் நடந்த மருத்துவச் சோதனைகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கொடுமைதான். ஆனால் நடந்தது நடந்துவிட்டது. கிடைத்த தகவலாவது நாலு உயிரைக் காப்பாற்றட்டுமே? ஒப்புதல் படிவம், நெறிக்குழு என்று இன்றைய விதிகள் ஆராய்ச்சியை இழுத்தடிக்கத்தானே செய்கின்றன?

— ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தகவல் எப்படிக் கிடைத்தது என்று முதலில் பார்ப்போம். 1942 ஜூனில், பிராகில் தன்மேல் வீசப்பட்ட கைக்குண்டால் காயம்பட்ட நாஜித் தலைவர் ஹைட்ரிச் இறந்தார். கிருமித்தொற்றைத் தடுக்கும் சல்பா மருந்தைச் சரியாகக் கொடுக்கவில்லை என்ற பழி, அவருக்குச் சிகிச்சை பார்த்த மருத்துவர் கார்ல் கெப்ஹார்ட் மேல் விழுந்தது. அந்த மருந்தால் பெரிய பயனில்லை என்று காட்டும் தேவை அவருக்கு இருந்தது. சோதனையை நடத்தியவரும் அவரேதான். ராவென்ஸ்ப்ரூக் பெண்கள் முகாமில் 74 போலந்துப் பெண்கள் கத்திக்கு ஆளானார்கள். சிலருக்குக் காலைக் கீறி, கிருமியோடு மரத்தூளும் கண்ணாடித் துகளும் திணித்தார்கள். சிலருக்கு எலும்பை உடைத்தார்கள். இதை நான் அறிவியல் என்று சொல்லமாட்டேன். டாஹாவ் என்ற இன்னொரு முகாமில் கைதிகளைப் பனிநீரில் அமிழ்த்திய சோதனைக் குறிப்புகளை 1990-ல் அலசிய ராபர்ட் பெர்கர் என்ற மருத்துவரும், அவை நம்பத்தக்கவை அல்ல என்றே எழுதினார்.

1943 மே மாதம் பெர்லினில், ராணுவ மருத்துவர்கள் கூட்டத்தில் கெப்ஹார்ட் தன் முடிவுகளை வாசித்தார். ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு இதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. ஏனென்றால், சம்மதமில்லாமல் மனிதர்மேல் சோதனை கூடாது என்று ஜெர்மானிய அரசே 1931-ல் விதி வகுத்திருந்தது.

அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. தங்களை 'முயல்கள்' என்று சொல்லிக்கொண்ட அவர்கள், 1943 மார்ச்சில் ஊன்றுகோலோடு நொண்டி நொண்டித் தளபதி அலுவலகத்துக்குப் போய், எழுத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வீட்டுக்குப் போன கடிதங்களின் வரிகளுக்கு நடுவே சிறுநீரால் எழுதினார்கள். இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் அந்த எழுத்து தெரியும். அப்படித்தான் செய்தி வெளியே போனது.

அப்புறம் நூரம்பர்க்கில் நாஜி மருத்துவர்கள்மேல் நடந்த வழக்கு. 1946 டிசம்பரில் அந்தப் பெண்களில் ஒருவரான யாட்விகா ஜிடோ நீதிமன்றத்தில் காலைக் காட்டி நின்றார். பக்கத்தில் மருத்துவர் லியோ அலெக்சாண்டர் தழும்பைச் சுட்டி விளக்கினார். அடுத்த ஆகஸ்டில் வந்த தீர்ப்பில் பத்து விதிகள் இருந்தன. சோதனைக்கு உட்படுபவர் தாமாகத் தரும் சம்மதம் கட்டாயம் என்பது முதல் விதி.

நீங்கள் இழுத்தடிப்பு என்கிற ஒப்புதல் படிவத்தின் வேர் அங்கே இருக்கிறது. எப்போதாவது ஒன்று கையில் கிடைத்தால் படித்துப் பாருங்கள். எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கும். ஊன்றுகோலோடு தளபதியிடம் போனவர்கள் கேட்டது அதைத்தான்.