வாசகர் கேள்வி – பதில்: மலிவு விலை மைக்கைத் திறப்பதற்கு முன்

கேள்வி: குறைந்த விலையில் ஒரு பெரிய கேப்சூல் கண்டென்சர் மைக் வாங்கினேன். பதிவில் ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ ஓசைகள் காதைக் குத்துகின்றன. உள்ளே உள்ள மின்தேக்கிகளை எடுத்துவிட்டு உயர்தரமானவற்றைப் பொருத்தினால் ஒலி மென்மையாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்குச் சால்டரிங் ஓரளவு வரும். முயன்று பார்க்கலாமா?

பதில்: முயலலாம்; ஆனால் நீங்கள் சொல்லும் குறை அதனால் தீரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காதைக் குத்தும் அந்தக் கூர்மை பெரும்பாலும் உதிரி பாகங்களின் தரக்குறைவால் வருவதில்லை. ஒலியை மின் சிக்னலாக மாற்றும் கேப்சூலும் அதன் பின்னால் இருக்கும் மின்சுற்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதால்தான் வருகிறது.

இதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் 1960இல் வெளியிட்ட யு 67 மைக்கில் கே 67 என்ற கேப்சூல் இருந்தது. இந்தக் கேப்சூல் தன்னளவில் உயர் அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும் இயல்புடையது. அதை வடிவமைத்தவர்கள் இதை அறிந்தே செய்தார்கள்; கேப்சூல் தூக்கிய பகுதியை எதிர்ப் பின்னூட்டம் (வெளிவரும் சிக்னலில் ஒரு பகுதியைத் தலைகீழாகத் திருப்பிச் செலுத்துவது) வழியாகத் தணிக்கும் ஏற்பாட்டைப் பெருக்கிச் சுற்றிலேயே வைத்து, இரண்டும் சேர்ந்தால் சமமான ஒலி வெளிவரும்படி பார்த்துக்கொண்டார்கள். இன்று கிடைக்கும் மலிவு விலை மைக்குகள் பலவற்றில் இந்தக் கேப்சூலைப் பார்த்துச் செய்த நகல் இருக்கிறது. ஆனால் அதன் பின்னால் இருப்பதோ, ஷோப்ஸ் நிறுவனத்தின் மின்மாற்றியில்லாத சுற்றை ஒட்டிய, எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் கடத்தும் சுற்று. தூக்கும் பாதி மட்டும் வந்து, தணிக்கும் பாதி வராமல் போனதன் விளைவைத்தான் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் சுற்றில் எவ்வளவு விலையுயர்ந்த மின்தேக்கியை வைத்தாலும், அது கேப்சூல் கொடுப்பதை மேலும் துல்லியமாகக் கடத்துமே தவிர, கூர்மையைக் குறைக்காது.

ஆகவே சால்டரிங் கருவியைச் சூடாக்கும் முன், ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருக்கும் உங்கள் குரலை எடுத்து, ஈக்வலைசரில் 8 முதல் 12 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை 3 அல்லது 4 டெசிபல் மென்மையாகக் குறைத்துக் கேளுங்கள். குரல் இயல்பாகிவிட்டால் உங்கள் மைக்கின் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. சுற்றில் தணிப்பு மின்தேக்கி ஒன்றைச் சேர்ப்பதும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்யும். தனியாகப் பாடவோ பேசவோ செய்கிறவருக்கு இந்த ஈக்வலைசர் அமைப்பைச் சேமித்து வைத்துக்கொள்வதே போதும் என்பது என் கருத்து. மைக்கிலேயே திருத்தம் இருக்க வேண்டும் என்று விரும்பினால், உங்கள் மைக்கின் சுற்று வரைபடம் கிடைத்த பிறகே அதைச் செய்யுங்கள். மின்தேக்கியின் மதிப்பு சுற்றுக்குச் சுற்று வேறுபடும், ஊகித்துப் போடக் கூடாது. இன்னொரு வழி, உயர் அதிர்வெண்களை அவ்வளவாகத் தூக்காத கே 47 வகைக் கேப்சூலைப் பொருத்துவது. தட்டையான சுற்றுக்கு அது பொருந்திப்போகும். செலவு கூடுதல் என்றாலும், மாற்றம் காதுக்கு உடனே தெரியும்.

மின்தேக்கிகளை மாற்றுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. கேப்சூலுக்கும் முதல் டிரான்சிஸ்டருக்கும் இடையே சில நூறு பிக்கோஃபாரட் முதல் ஆயிரம் பிக்கோஃபாரட் வரை மதிப்புள்ள ஒரு மின்தேக்கி இருப்பதுண்டு. அது எக்ஸ்7ஆர் போன்ற பீங்கான் வகையாக இருந்தால், மின்னழுத்தம் மாறும்போது அதன் மதிப்பும் மாறும். அதிர்வு பட்டால் அதுவே சிறிது சிக்னலை உண்டாக்கவும் செய்யும். அந்த ஓர் இடத்தில் பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலிஸ்டைரீன் வகையைப் பொருத்துவதில் நியாயம் உண்டு. பாலிஸ்டைரீன் சூட்டைத் தாங்காது என்பதால், சால்டரிங் முனையை நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டாம். பீங்கான் என்றாலே மோசம் என்ற பேச்சையும் நம்பாதீர்கள்; சி0ஜி வகைப் பீங்கான் மின்தேக்கிகளுக்கு மேற்சொன்ன குறைகள் இல்லை. அவை இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

எந்த மாற்றத்தைச் செய்தாலும், அதற்கு முன்னும் பின்னும் ஒரே தொலைவில், ஒரே வரிகளைப் படித்துப் பதிவு செய்து, இரண்டின் ஒலி அளவையும் சமப்படுத்திய பிறகு ஒப்பிடுங்கள். சற்று உரக்க ஒலிப்பதையே நல்லது என்று நினைப்பது நம் காதின் இயல்பு. பணம் செலவழித்த பிறகு அந்த இயல்பு இன்னும் கூடிவிடுகிறது.

கேள்வி: என் மைக் பார்க்க ஸ்டுடியோ மைக் போல இருந்தாலும், திறந்து பார்த்தபோது உள்ளே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கேப்சூல்தான் இருக்கிறது. பின்னணியில் ‘உஸ்’ என்ற இரைச்சலும் கேட்கிறது. இதை எடுத்துவிட்டு 34 மில்லிமீட்டர் கேப்சூல் ஒன்றை அங்கே வைக்க முடியுமா?

பதில்: நேரடியாக முடியாது. உங்கள் மைக்கில் இருப்பது எலக்ட்ரெட் வகை. அதன் மின்னேற்றம் பொருளுக்குள்ளேயே நிலையாக உறைந்திருக்கிறது. கெர்ஹார்டு செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் 1962இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய முறை இது. இத்தகைய சிறு கேப்சூல்களில் ஒரு ஃபெட் டிரான்சிஸ்டரும் உள்ளேயே பொதிந்திருப்பது வழக்கம். ஆனால் 34 மில்லிமீட்டர் கேப்சூலில் இரண்டும் இல்லை. அதற்கு கேப்சூலை மின்னேற்றி வைக்கும் முனைவாக்க மின்னழுத்தத்தை, ஏறத்தாழ 60 வோல்ட் அளவில், வெளியிலிருந்து தர வேண்டும். மைக் வயர் வழியாகவே வரும் 48 வோல்ட் மின்சாரமான பாண்டம் பவரிலிருந்து அதைப் பெற மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று தேவை. அதோடு ஒரு ஃபெட்டும், 1 கிகா ஓம் அளவிலான மின்தடைகளும் வேண்டும். இவ்வளவும் சேர்த்தால் மிஞ்சுவது வெளிக்கூடு மட்டுமே.

மின்தடை ஏன் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று தோன்றலாம். கேப்சூலின் மின்தேக்கம் 70 பிக்கோஃபாரட் என்று கொண்டால், 1 கிகா ஓம் மின்தடையோடு சேரும்போது தாழ் அதிர்வெண் எல்லை ஏறத்தாழ 2.3 ஹெர்ட்ஸில் அமையும். 100 மெகா ஓம் போட்டால் அது 23 ஹெர்ட்ஸுக்கு ஏறும். கேட்கும் எல்லைக்கு அருகில் வந்துவிடுவதோடு, மின்தடை உண்டாக்கும் வெப்ப இரைச்சலும் குரல் இருக்கும் பகுதிக்குள் கூடுதலாக நுழையும்.

இரைச்சலைப் பொறுத்தவரை ஒரு கணக்கைச் சொல்கிறேன். கேப்சூலின் விவரக் குறிப்பில் சிக்னல்–இரைச்சல் விகிதம் 62 டெசிபல் என்று இருந்தால், அளவுகோலான 94 டெசிபலிலிருந்து அதைக் கழியுங்கள்: அதன் சொந்த இரைச்சல் 32 டெசிபல். நல்ல ஸ்டுடியோ மைக்குகளில் இது 10 முதல் 15 டெசிபலுக்குள் அடங்கும். இந்த இடைவெளியைப் பாகங்களை மாற்றி நிரப்ப இயலாது. ஒன்று மட்டும் செய்யலாம்: மைக்கைக் கணினியின் ஒலித்துளையில் நேராகச் செருகியிருந்தால், அதற்குப் பதில் 48 வோல்ட் தரும் ஆடியோ இன்டர்பேஸ் வழியாக இணைத்துப் பாருங்கள்; இரைச்சலில் ஒரு பங்கு கணினியின் ஒலி அட்டையிலிருந்தே வந்துகொண்டிருக்கக்கூடும்.

கேள்வி: மைக்கின் தலைப்பகுதியில் உள்ள கம்பி வலையின் உள் அடுக்கை வெட்டி எடுத்தால் ஒலி திறந்து கேட்கும் என்கிறார்களே, உண்மையா? வேலை செய்யும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: ஓரளவு உண்மை. நெருக்கமான வலை இரண்டு மூன்று அடுக்காக இருக்கும்போது ஒலியின் ஒரு பகுதி உள்ளேயே எதிரொலித்துக் கேப்சூலை மீண்டும் வந்தடைகிறது. நுண்மையான உள் அடுக்கை எடுத்தால் அது குறையும். ஆனால் ‘ப’ உச்சரிக்கும்போது வரும் காற்றடியையும் மின்கம்பிகளின் உறுமலையும் தடுத்துக்கொண்டிருந்ததும் அதே வலைதான் என்பதால், மைக்கின் முன் வைக்கும் காற்றுத் தடுப்பான பாப் ஃபில்டர் இல்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. எடுப்பதென்றால் தலைக்கூட்டைத் தனியே கழற்றி, கேப்சூல் இருக்கும் அறைக்கு வெளியே வைத்து வெட்டுங்கள். சில மைக்ரான் தடிமனே உள்ள சவ்வின் மேல் ஓர் உலோகத் துகள் விழுந்தாலும் அதை எடுப்பது கடினம். வாயால் ஊதினால் ஈரமும் சேர்ந்துகொள்ளும்.

திறப்பதற்கு முன் பாண்டம் பவரை அணைத்து, வயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். 48 வோல்ட் 6.8 கிலோ ஓம் மின்தடைகள் வழியாக வருவதால் உங்களுக்கு ஆபத்தில்லை. மின்தேக்கிகளில் தங்கிய மின்னேற்றம் ஃபெட்டைக் கெடுக்கலாம் என்பதற்காகவே இந்தக் காத்திருப்பு. வால்வு மைக்குகள் வேறு கதை. அவற்றில் 100 வோல்ட்டுக்கு மேல் இருக்கும் என்பதால் அனுபவமில்லாதவர்கள் திறக்க வேண்டாம். கிகா ஓம் மின்தடைகளையும் அவற்றின் இணைப்புகளையும் விரலால் தொடாதீர்கள். தொட்டுவிட்டாலோ சால்டர் செய்தாலோ அந்த இடத்தை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலர விடுங்கள். அங்கே தங்கும் ஃபிளக்ஸும் (சால்டரிங்கில் பயன்படும் பசை) விரல் ஈரமும் காற்றில் ஈரப்பதம் ஏறும் நாளில் ‘படபட’ என்ற ஓசையாகப் பதிவில் வரும்.