பஸ் வாந்திக்கு அந்த மாத்திரை ஏன் கேட்கவில்லை?

கேள்வி: ஐயா, என் பையனுக்கு எட்டு வயசு. மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை மலைப்பாதையில் பஸ் ஏறத் தொடங்கினாலே ஓங்கரிப்புதான். முன்பு வயிற்றுப்போக்கோடு வாந்தி எடுத்தபோது டாக்டர் எழுதிய ஆன்டான்செட்ரான் மாத்திரை மீதி இருந்தது, அதைக் கொடுத்துக் கூட்டிப் போனேன். சில வளைவுகளுக்குள்ளேயே வாந்தி. அன்றைக்கு உடனே நின்றதே, இது போலி மாத்திரையா?
(வாசகி, கல்லிடைக்குறிச்சி)

பதில்: மாத்திரையில் கோளாறு இல்லை அம்மா, அது வேலை செய்கிற வழி வேறு. வாந்தி வயிற்றிலிருந்து வெளியே வந்தாலும் அதற்கு உத்தரவு போடுவது மூளையின் அடியில் இருக்கும் முகுளம்தான், அந்த முகுளத்துக்குச் சேதி பல பக்கத்திலிருந்து வரும். குடலில் கிருமி சேர்ந்தால் குடல் சுவரில் உள்ள செல்கள் செரட்டோனின் என்ற பொருளை வெளியே விடும் (உடம்பில் உள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது), அது வேகஸ் நரம்பைத் தூண்டும், நரம்பு முகுளத்துக்குச் சொல்லும். ஆன்டான்செட்ரான் அந்தச் செரட்டோனின் போய் ஒட்டுகிற இடத்தை அடைத்துவிடுகிறது. கீமோதெரபி வாந்தியும் பெரும்பாலும் இதே வழியில்தான் வருகிறது, அமெரிக்காவில் 1991-இல் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்ததே அதற்காகத்தான்.

பஸ் வாந்தி காதிலிருந்து கிளம்புவது. உட்காதில் உள்ள திரவம் வளைவுக்கு வளைவு ஆடி ‘நகர்கிறோம்’ என்கிறது, முன் சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்க்கும் கண் ‘இல்லை, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது, இந்தக் குழப்பம் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்ற இரண்டு பொருட்கள் வழியாக முகுளத்துக்குப் போகிறது. அங்கே செரட்டோனினை அடைத்து என்ன பிரயோஜனம்? இதற்கு புரோமெதசின் மாதிரி ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து வேண்டும், அதுவும் பஸ் ஏறுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்னால். குமட்டல் வந்துவிட்டால் வயிறு சோம்பிவிடும், மாத்திரை குடலுக்கே இறங்காது. தூக்கம் வரும், அது இந்த மருந்தின் குணம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மூச்சையே அமுக்கிவிடலாம் என்பதால் கொடுக்கவே கூடாது. உங்கள் பையனுக்கு எவ்வளவு என்பதை எடை பார்த்து டாக்டர் சொல்லட்டும். முன் சீட்டில் உட்காரவைத்து தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே குறையும்.

கேள்வி: தம்பி காலேஜ் படிக்கிறான். வாந்திக்கு ஊசி போட்டு வந்த அன்று ராத்திரி கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் மேலே சொருகி, நாக்கு வெளியே தள்ளிவிட்டது. ஆச்சி திருநீறு போடச் சொல்லி அழுதாள். அது வலிப்பா?
(வாசகர், திசையன்விளை)

பதில்: பயந்திருப்பீர்கள் அண்ணாச்சி, யாராக இருந்தாலும் பயப்படத்தான் செய்வார்கள். அவன் முழு நினைவோடு இருந்தான் என்றால், அனேகமாக அது வலிப்பு இல்லை, மருந்தின் வேலை. மெட்டோகுளோபிரமைடு என்ற ஊசியில் இப்படி நடக்கும், தலைசுற்றலுக்குக் கொடுக்கும் புரோக்ளோர்பெராசினிலும் நடக்கும். ரத்தத்தில் நஞ்சு இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்க முகுளத்தில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. இந்த மருந்துகள் அங்கே டோபமின் என்ற பொருளைத் தடுத்து வாந்தியை நிறுத்துகின்றன, ஆனால் அதோடு நிற்காமல் மூளைக்குள்ளும் புகுந்து தசை அசைவைக் கவனிக்கும் பகுதியிலும் டோபமினைத் தடுத்துவிடுகின்றன. சின்ன வயதுக்காரர்களுக்குத்தான் இது அதிகம், பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில் வரும். ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று ஊசியில் சில நிமிடங்களில் சரியாகிவிடும், பஸ் வாந்திக்குச் சொன்ன அதே புரோமெதசினைக்கூட அதற்குப் போடுவார்கள். வாந்திக்குக் கொடுக்கும் டாம்பெரிடோன் மாத்திரையும் டோபமினைத்தான் தடுக்கிறது, ஆனால் மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை. அதற்காக அதை மாதக்கணக்கில் விழுங்கிவிடாதீர்கள், இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கக்கூடியது, ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014-லேயே சொல்லிவிட்டது. தம்பிக்குப் போட்ட மருந்தின் பெயரைக் கேட்டு வாங்கி எழுதிவைத்து, இனி எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

கேள்வி: மகளுக்கு மசக்கை. டாக்டர் எழுதிய மாத்திரையைப் போட்டால் பிள்ளைக்கு ஊனம் வரும் என்று மாமியார் வீட்டில் தடுக்கிறார்கள்.
(வாசகி, வள்ளியூர்)

பதில்: டாக்சிலமினும் வைட்டமின் பி6-உம் சேர்ந்த மாத்திரையாக இருந்தால் பயம் வேண்டாம். இந்தச் சந்தேகம் பழசு. அமெரிக்காவில் வழக்கு மேல் வழக்காக வந்து 1983-இல் கம்பெனியே அதை நிறுத்திவிட்டது, பல ஆய்வுகளில் ஊனத்துக்கும் அதற்கும் தொடர்பு காணப்படவில்லை, 2013-இல் அதே மருந்துச் சேர்க்கைக்கு அங்கே திரும்பவும் அனுமதி கிடைத்தது. நடுவில் அத்தனை வருஷம் எத்தனை பெண்கள் வீணாகத் தவித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இதை மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், முடிந்தால் அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர் நிறமாகப் போகிறது, எடை இறங்குகிறது என்றால் மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றுங்கள்.