இடக்கை குவார்ட்ஸும் வலக்கை குவார்ட்ஸும் வேறு மாதிரி அதிருமா?

அதிர்வெண்களைக் கேட்கிறீர்கள் என்றால், இல்லை. அணுக்கள் ஒன்றில் இடப்பக்கமாகவும் மற்றதில் வலப்பக்கமாகவும் திருகி அடுக்கியிருக்கும்; ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம், அணுக்களுக்கு இடையிலான விசைகளும் அப்படித்தான், அதனால் சாதாரண ராமன் நிறமாலையில் (படிகத்தில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறமாற்றத்தை வைத்து அதிர்வெண்களைக் காட்டுவது) இரண்டுக்கும் கோடுகள் அதே இடத்தில் விழும். முதலில் நானும் இங்கேதான் குழம்பினேன், இரண்டு நிறமாலையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து இல்லாத வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வித்தியாசம் சுழற்சியில் இருக்கிறது. டெல்லூரியம் என்ற தனிமத்தின் படிகத்தை எடுத்துக்கொண்டால் புரிவது சுலபம்: மூன்று அணுவுக்கு ஒரு சுற்று என்று சங்கிலிகள் திருகிக்கொண்டே போகும். அந்தத் திருகின் அச்சு வழியே போகும் குறுக்கலையில் (போகும் திசைக்குக் குறுக்கே அணுக்கள் ஆடும் அலை) அணுக்கள் நேர்கோட்டில் ஆடாமல் சிறு வட்டமடிக்கும், இடஞ்சுழியாகவோ வலஞ்சுழியாகவோ. அச்சை ஒட்டிக் கண்ணாடித் தளம் உள்ள படிகமாக இருந்தால் இரண்டு சுழிக்கும் ஒரே அதிர்வெண், பிரித்துப் பார்க்கவே தேவையில்லை. திருகுப் படிகத்தில் அப்படி இல்லை. வட்டம் திருகோடு ஒத்துப் போகிறதா, எதிர்த்துப் போகிறதா என்பதைப் பொறுத்து அதிர்வெண் பிரிந்துவிடும். அலையைத் திருப்பி அனுப்பினாலும் கதை மாறாது, ஏனென்றால் வலத்திருகை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் அது வலத்திருகுதான். படிகத்தையே மற்ற கைக்கு மாற்றினால் மட்டும் வேகமாகப் போன சுழி மெதுவாகும், மெதுவானது வேகமாகும்.

இதன் விளைவாக, நேர்கோட்டில் ஆடும் குறுக்கு ஒலியலையை உள்ளே அனுப்பினால் அதன் ஆடும் தளம் போகப்போகத் திரும்பும். குவார்ட்ஸில் ஒளிக்கு இப்படி நடப்பதை பிரெஞ்சு இயற்பியலாளர் அராகோ 1811லேயே பார்த்துவிட்டார், ஒலிக்கு அளக்க 1970 வரை ஆயிற்று.

ராமனில் இந்தப் பிரிவைப் பிடிப்பது கஷ்டம். அதிர்வலையின் உந்தம் பூஜ்யமாக இருக்கும்போது பிரிவும் பூஜ்யம், கண்ணுக்குத் தெரியும் ஒளி அதற்குக் கொடுக்கும் உந்தமோ மிகமிகச் சிறியது. அதனால்தான் 2023ல் சின்னபாரில் (பாதரச சல்ஃபைடு படிகம்) வட்டமுனைவு ஒளியையும் (மின்புலம் சுழன்றுகொண்டே போகும் ஒளி) குவார்ட்ஸில் எக்ஸ் கதிரையும் வைத்து இந்தச் சுழலும் அதிர்வுகளைக் காட்டினார்கள்.

அப்புறம் ஒரு எரிச்சல்: நின்ற இடத்திலேயே அணு சுழன்றால்கூட அதைக் கையுள்ள அதிர்வு என்ற பொருளில் 'கைரல் போனான்' என்று சிலர் எழுதுகிறார்கள். சுழலும் தளத்துக்கு இணையாகக் கண்ணாடி வைத்தால் அந்தச் சுழற்சி மாறுவதே இல்லை, பிறகு அதற்கு ஏது கை? சுழன்றுகொண்டே முன்னேறினால்தான் கை வரும்.

சமநிலையில் இரு திசையிலும் போகும் அலைகளின் கோண உந்தம் (சுழற்சியின் அளவு) ஒன்றையொன்று அடித்துவிடும். அச்சு வழியே ஒரு முனையைச் சூடாக்கினால் கொஞ்சம் மிஞ்சும், அதன் குறி இடக்கைப் படிகத்தில் ஒன்று, வலக்கையில் நேர் எதிர்.