வாங்கும் முன்: கிரிப்டோ பற்றி வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் தம்பியிடம் எதேரியம் என்ற சங்கிலியில் (பிளாக்செயின்) யூஎஸ்டிடி, அதாவது டாலருக்கு இணையான கிரிப்டோ நாணயம், அனுப்பச் சொன்னேன். அவன் பிஎன்பி செயின் என்ற வேறொரு சங்கிலியில் அனுப்பிவிட்டான். வாலட்டில் (கிரிப்டோ வைத்திருக்கும் செயலி) பூஜ்யம்தான் காட்டுகிறது. போச்சா? (மன்னார்குடி)

பதில்: போகவில்லை. இரண்டுக்கும் ஒரே முகவரிதான். வாலட்டில் பிஎன்பி செயினைச் சேர்த்துப் பாருங்கள், இருக்கும். அது எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) கொடுத்த முகவரி என்றால் அவர்களிடம்தான் முறையிட வேண்டும்.

கேள்வி: குறுவை விற்ற பணத்தில் வாங்கிய ஈதரை (எதேரியத்தின் நாணயம்) சொலானா என்ற வேறு சங்கிலிக்கு மாற்ற வேண்டும். எந்தப் பிரிட்ஜ் (ஒரு சங்கிலியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் சேவை) நூறு சதவீதம் பாதுகாப்பு? எல்லாருமே 'தணிக்கை செய்யப்பட்டது' என்று போட்டிருக்கிறார்களே? (பாபநாசம்)

பதில்: எதுவுமில்லை. முத்திரையைப் பார்த்து நான் வாங்கிய மோட்டார் ஒரே கோடையில் புகைந்தது. முத்திரை மட்டும் இன்னும் பளபளக்கிறது.

பல பிரிட்ஜ்களில் உங்கள் ஈதர் எங்கும் போவதில்லை. இந்தப் பக்கம் பூட்டி வைத்துவிட்டு, அந்தப் பக்கம் அதற்கு ஈடாக ஒரு டோக்கன் தருகிறார்கள். நெல்லைக் குடோனில் போட்டு ரசீது வாங்குகிற கதைதான். 2022 பிப்ரவரியில் வார்ம்ஹோல் என்ற பிரிட்ஜில் ஒருவன் எதையும் பூட்டாமலே 1,20,000 ஈதருக்குச் சொலானாவில் ரசீது அடித்துக்கொண்டான். பின்னால் இருந்த ஜம்ப் நிறுவனம் சொந்தப் பணத்தைப் போட்டு அடைத்ததால் மற்றவர்கள் தப்பினார்கள். அடுத்த மாதம் ரோனின் பிரிட்ஜ். பணம் எடுக்க ஒப்புதல் தரும் 9 சாவிகளில் 5 திருடன் கைக்குப் போய், 60 கோடி டாலருக்கு மேல் காலி. ஒரு வாடிக்கையாளர் பணம் எடுக்க முடியவில்லை என்று சொல்லும்வரை, 6 நாள், நடத்துகிறவர்களுக்கே தெரியாது! முத்திரையை விடுங்கள், சாவி எத்தனை பேர் கையில் என்று கேளுங்கள்.

இரண்டு சங்கிலியையும் ஏற்கும் எக்ஸ்சேஞ்சில் ஈதரைப் போட்டு, விற்று, சொலானாவாக வாங்கி எடுப்பது எளிது. விற்றால் லாபத்தில் 30 சதவீதம் வரி உண்டு. எந்த வழியானாலும் முதலில் சிறு தொகையை அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று பாருங்கள்.

கேள்வி: கூகுளில் பிரிட்ஜ் தேடி, முதலில் வந்த விளம்பரத்தைத் தட்டி, கேட்ட அனுமதிக்கெல்லாம் சரி கொடுத்தேன். யூஎஸ்டிடி முழுவதும் காணோம். எப்படி? (கும்பகோணம்)

பதில்: நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அப்படித்தான். அந்தப் போலித் தளம் உங்கள் வாலட்டிலிருந்து யூஎஸ்டிடியை எடுத்துக்கொள்ளத்தான் அந்த அனுமதி. கொடுத்த அனுமதியை இன்றே ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் யூஎஸ்டிடியும் போகும்.

கேள்வி: பிரிட்ஜில் போட்ட பணம் அரை மணி நேரமாக வரவில்லை. டெலிகிராமில் 'உதவி மையம்' என்று ஒருவர் பேசி, வாலட்டைத் திறக்கும் 12 ரகசியச் சொற்களைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். (திருவாரூர்)

பதில்: உங்களைக் குறை சொல்ல மாட்டேன் அம்மா. பதற்றத்தில் இருப்பவரைத் தேடித்தான் அவன் உட்கார்ந்திருக்கிறான். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண்ணையும், அவன் அழிப்பதற்குள் உரையாடலையும் படமெடுத்து வையுங்கள். மிச்சம் இருப்பதைப் புதிய சொற்களோடு புதிய வாலட் தொடங்கி மாற்றிவிடுங்கள். 'மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று இனி ஆட்கள் வருவார்கள். அவர்களும் அதே கூட்டம்தான்.

கேள்வி: யூஎஸ்டிசி (இதுவும் டாலருக்கு இணையான நாணயம்) ஆர்பிட்ரம் என்ற சங்கிலிக்கு வந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து அனுப்ப முடியவில்லை. (பட்டுக்கோட்டை)

பதில்: கட்டணத்துக்குக் கொஞ்சம் ஈதர் வேண்டும், அதுவும் ஆர்பிட்ரமிலேயே.