கைநிறைய ஆர்டர், காலியான கஜானா: உல்லாசப் படகுத் தளங்கள் ஏன் மூடப்படுகின்றன?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நூறாண்டுப் பழமை வாய்ந்த உல்லாசப் படகு நிறுவனங்கள்கூட மூடப்படலாம் என்று அடிக்கடி செய்தி வருகிறது. பெரும் கோடீஸ்வரர்கள் காத்திருந்து வாங்கும் பொருளைச் செய்கிறவர்களுக்குப் பணத் தட்டுப்பாடு எப்படி வரும்? ஆர்டர் கையில் இருக்கும்போதே ஒரு நிறுவனம் மூடப்படுவது சந்தேகத்துக்கு இடம் தரவில்லையா?

பதில்: சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் இந்தத் தொழிலின் கணக்கு வேறு மாதிரியானது. பெரிய உல்லாசப் படகு ஒன்றைக் கட்டி முடிக்க இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை ஆகும். விலையோ ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். பணம் தவணைகளாக வரும்: கையெழுத்திடும்போது ஒரு பங்கு, படகின் உடற்பகுதி முடிந்தவுடன் ஒரு பங்கு, எஞ்சின் பொருத்தியதும் ஒரு பங்கு, நீரில் இறக்கும்போது ஒன்று, ஒப்படைக்கும்போது மிச்சம். தொழிலாளர்களின் சம்பளமும் அலுமினியம், மரம், எஞ்சின் ஆகியவற்றுக்கான பில்களும் அப்படிப் படிப்படியாகக் காத்திருப்பதில்லை. மாதம் பிறந்தால் கொடுத்தாக வேண்டும். உரிமையாளர் உள்ளறை வடிவமைப்பை மாற்றச் சொன்னாலோ, பூசிய வண்ணம் சரியில்லை என்று சுரண்டி மறுபடி பூச நேர்ந்தாலோ அடுத்த தவணை மூன்று மாதம் தள்ளிப்போகும். அந்த மூன்று மாதச் சம்பளத்தை எங்கிருந்து எடுப்பது? படகு கட்டும் தளங்கள் பல அடுத்த படகுக்கு வந்த முன்பணத்திலிருந்து எடுக்கின்றன. புதிய ஆர்டர்கள் தொடர்ந்து வரும் வரை இது வெளியே தெரியாது. நடுவில் ஒரே ஓர் ஆண்டு ஆர்டர் வரத்து குறைந்தாலும் பள்ளம் மொத்தமாகத் தெரிந்துவிடும்.

ஜெர்மனியின் ரெண்ட்ஸ்பர்க் நகரில் 1905-இல் தொடங்கப்பட்ட நோபிஸ்க்ரூக் தளத்தின் வரலாறு இதற்கு மிகத் தெளிவான சான்று. 2017-இல் அந்தத் தளம் ஒப்படைத்த ‘செய்லிங் யாட் ஏ’ சுமார் 143 மீட்டர் நீளமுள்ள, மூன்று பாய்மரங்கள் கொண்ட படகு. அம்மரங்கள் ஏறத்தாழ 100 மீட்டர் உயரம் கொண்டவை. அதுவரை உலகில் யாரும் கட்டியிராத ஒன்றைக் கட்டிய அதே நிறுவனம், நான்கே ஆண்டுகளில், 2021 ஏப்ரலில், திவால் மனு கொடுத்தது. அதே ஆண்டில் ஃப்ளென்ஸ்பர்க் நகரில் 1872-இல் தொடங்கிய கப்பல் தளத்தின் உரிமையாளர் இதையும் வாங்கி இரண்டையும் இணைத்தார். இணைந்த நிறுவனத்தில் ஊதியம் பலமுறை தாமதமாயிற்று. 2024 டிசம்பரில் அதுவும் திவாலானது. பின்னர் 2025 தொடக்கத்தில் ரெண்ட்ஸ்பர்க் தளத்தை லூர்ஸன் நிறுவனமும் ஃப்ளென்ஸ்பர்க் தளத்தை ரோனர் குழுமமும் பிரித்து எடுத்துக்கொண்டன.

இத்தகைய படகுகளைத் தளத்தின் பெருமை என்று எல்லோரும் புகழ்கிறோம். என் பார்வையில் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கார் தொழிற்சாலை முதல் காரில் செய்த தவறுகளுக்கான செலவை அடுத்து வரும் ஆயிரக்கணக்கான கார்களில் ஈடுகட்டும். ஒரே ஒரு படகாகக் கட்டப்படும் படகுக்கு இரண்டாவது என்பதே கிடையாது. அதில் கற்ற பாடத்துக்கான முழுச் செலவையும், முன்கூட்டியே பேசி முடித்த விலைக்குள், தளமே தாங்க வேண்டும்.

இத்தாலியின் பெரினி நாவி நிறுவனத்தையும் இங்கே சொல்ல வேண்டும். காகிதத் தொழிலுக்கான இயந்திரங்களில் பெயர் பெற்ற ஃபாபியோ பெரினி 1983-இல் தொடங்கிய இந்நிறுவனம், 2006-இல் வெளிவந்த 88 மீட்டர் ‘மால்டீஸ் ஃபால்கன்’ படகால் உலகப் புகழ் பெற்றது. 2021 ஜனவரியில் நீதிமன்றம் அதைத் திவாலானதாக அறிவித்தது. ஆண்டு முடிவதற்குள் ஏலத்தில் 8 கோடி யூரோவுக்கு இன்னொரு இத்தாலிய நிறுவனத்தின் கைக்குப் போனது. பெயர், தளங்கள், முடிக்காத வேலைகள் அனைத்தும் சேர்ந்த விலை அது.

விபத்து ஒன்றும் ஒரு நிறுவனத்தின் அடித்தளத்தை ஆட்டிவிடலாம். பிரிட்டனில் 1973-இல் தொடங்கப்பட்ட ஆய்ஸ்டர் நிறுவனம் கட்டிய ‘பொலினா ஸ்டார் 3’ என்ற பாய்மரப் படகு, 2015 ஜூலையில் ஸ்பெயின் கடற்கரைக்கு அப்பால், அடியில் எடைக்காகப் பொருத்தப்படும் கீல் பகுதி பிய்ந்துபோய் மூழ்கியது. படகில் இருந்தவர்கள் மீட்கப்பட்டார்கள். படகின் உட்கட்டுமானத்தை உருவாக்கிய முறையில் பலவீனம் இருந்திருக்கலாம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2018 பிப்ரவரியில் அதன் அப்போதைய உரிமையாளரான டச்சு முதலீட்டு நிறுவனம் மேற்கொண்டு பணம் தர மறுத்ததும் வேலை நின்றது. அடுத்த மாதமே ரிச்சர்ட் ஹடிடா என்ற தொழில்முனைவர் அதை வாங்கினார். அந்த வேகம்தான் ஆய்ஸ்டரைக் காப்பாற்றியது என்று உறுதியாகச் சொல்வேன். ஏன் என்பதற்கு அடுத்த கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

கேள்வி: பணக்காரர்களின் விளையாட்டுப் பொருளைச் செய்யும் நிறுவனம் மூடப்பட்டால் யாருக்கு நட்டம்? அந்தப் பணமும் உழைப்பும் பயனுள்ள வேலைக்குப் போகட்டுமே.

பதில்: படகு வாங்குகிறவருக்கு நட்டம் இல்லை என்பது உண்மை. ஒரு தளம் மூடினால் அவர் இன்னொரு தளத்துக்குப் போவார். நட்டப்படுகிறவர்கள் கட்டுகிறவர்கள், அவர்கள் யாரும் பணக்காரர்கள் அல்லர்.

அவர்களின் வேலை எத்தகையது என்பதற்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். அலுமினியத் தகடுகளைப் பற்றவைக்கும்போது வெப்பத்தால் அவை சற்றே நெளியும். அந்த நெளிவை மறைக்க எபாக்ஸிப் பூச்சைத் தடவி, காய்ந்த பிறகு, வளையக்கூடிய நீண்ட தேய்ப்புப் பலகையை இரண்டு பேர் இரு முனைகளிலும் பிடித்துக்கொண்டு குறுக்குச் சாய்வாக இழுத்து இழுத்துத் தேய்ப்பார்கள். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது இந்தக் கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது. அனுபவசாலி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை விரித்துத் தடவிப் பார்த்து, பள்ளம் உள்ள இடத்தில் பென்சிலால் வட்டம் போடுவார். மறுபடி பூச்சு, மறுபடி தேய்ப்பு. கருநீல வண்ணம் பூசிப் பளபளப்பேற்றிய பிறகு வெயிலில் நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் பிசகும் அலைபோல் தெரிந்துவிடும் என்பதால், பெரிய படகு ஒன்றுக்கு இந்த ஒரு வேலையே பல மாதங்கள் நீளும். இதைப் புத்தகத்தில் கற்க முடியாது. தெரிந்தவரின் பக்கத்தில் நின்று ஆண்டுக்கணக்கில் தேய்த்தவருக்கே அந்தக் கை வரும்.

தளம் ஆறு மாதம் மூடிக் கிடந்தால் அந்தக் கைகள் காத்திருக்கா. வீட்டுக்கடனும் பிள்ளைகளின் படிப்பும் உள்ளவர் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலைக்கோ கட்டுமான வேலைக்கோ போய்விடுவார். ஒருமுறை போனவரைத் திருப்பிக் கூப்பிடுவது கடினம். அவருடன் அவரிடம் கற்றிருக்க வேண்டிய இளைஞரையும் தளம் இழந்துவிடுகிறது. இதனால்தான், நிறுவனம் தள்ளாடுகிறது என்று தெரிந்த முதல் வாரங்களிலேயே சம்பளத்துக்கு வழி செய்வது, வர்த்தகப் பெயரை நல்ல விலைக்கு விற்பதைவிட முக்கியம் என்று கருதுகிறேன்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் மானிடோவாக் என்ற சிற்றூர் இருக்கிறது. 1863 முதல் அங்கே படகு கட்டிவந்த பர்கர் நிறுவனம் 1990 நவம்பரில் கதவை மூடியது. 1993-இல் புதிய உரிமையாளர்கள் வந்து திறந்தபோது, ஊரை விட்டுப் போகாதிருந்த பழைய தொழிலாளர்கள் பலர் திரும்பி வந்தார்கள். பர்கர் படகுகள் மறுபடி பேர் பெற்றதற்கு அவர்கள்தாம் காரணம். அதே விஸ்கான்சின் மாநிலத்தின் ஸ்டர்ஜன் பே நகரில் 1918-இல் தோன்றிய பாமர் ஜான்சன் தளத்துக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 2015-இல் அங்கே உல்லாசப் படகு கட்டுவது நின்றுபோய், இடம் பக்கத்திலிருந்த கப்பல் தளத்தோடு சேர்ந்துவிட்டது.

கேள்வி: ஆடம்பரப் பொருள்களுக்கு அரசு விதிக்கும் வரிதான் இத்தொழிலை அழிக்கிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. அமெரிக்கா 1991 தொடக்கத்திலிருந்து, ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள படகுகளின் கூடுதல் விலை மீது 10 சதவீத வரி விதித்தது. வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள், தளங்கள் ஆட்களைக் குறைத்தன, 1993-இல் வரி நீக்கப்பட்டது. ஆனால் அதே காலத்தில் பொருளாதார மந்தமும் வளைகுடாப் போரும் சேர்ந்துகொண்டதை வரியை மட்டும் குறை சொல்வோர் மறந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன பர்கர் தளம் மூடியது அந்த வரி நடைமுறைக்கு வருவதற்கு முன்பே. ஏற்கெனவே பலவீனமாக இருந்த தளங்களை அந்த வரி கீழே தள்ளியது என்பதே சரி. பணக்காரரைக் குறிவைத்த வரியின் சுமை வெல்டர் மேலும் தச்சர் மேலும் விழுந்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

கேள்வி: படகு பாதி கட்டிய நிலையில் நிறுவனம் திவாலானால், முன்பணம் கட்டியவரின் கதி என்ன?

பதில்: ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு தவணைக்கும் ஈடாகக் கட்டிய பகுதியின் உரிமை வாங்குபவருக்கு மாறும் என்று தெளிவாக எழுதி, கொண்டுவந்து வைத்த பொருள்களின் மேல் அந்தப் படகின் எண்ணையும் குறித்திருந்தால் அவருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் வாங்கியிருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் இல்லாதவர், அடமானம் பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகளுக்குப் பின்னால் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான்.

உரிமை கைக்கு வந்தாலும் தொல்லை முடிவதில்லை. பாதிப் படகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பணம் வராத எஞ்சின் வணிகர் தன் பொருளைத் திருப்பிக் கேட்பார். படகைக் கொட்டகையில் வைத்திருக்கத் திவால் நிர்வாகிக்கு வாடகை கட்ட வேண்டும். ஃபைபர் கிளாஸ் படகு என்றால் வார்ப்பு அச்சும் வரைபடங்களும் நிறுவனத்தின் சொத்து. இன்னொரு தளம் அதை முடித்துத் தர ஒப்புக்கொண்டாலும், பிறர் செய்த வேலைக்குப் பொறுப்பேற்கத் தயங்கும், அந்தத் தயக்கத்துக்கும் விலை சொல்லும்.

கேள்வி: அப்படிப்பட்ட நிறுவனத்தின் படகை ஏற்கெனவே வைத்திருப்பவர் இப்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் உத்தரவாதத்தைப் பற்றிய நம்பிக்கையைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். திவால் நிர்வாகியிடமிருந்து பெயரையும் அச்சுகளையும் மட்டும் வாங்கும் புதிய நிறுவனத்துக்குப் பழைய படகுகளின் உத்தரவாதம் பொதுவாகச் சேராது. எஞ்சின், ஜெனரேட்டர், பாய் ஆகியவற்றை அவற்றைச் செய்த நிறுவனங்களே கவனித்துக்கொள்ளும். கட்டியவரிடம் மட்டும் இருப்பவை மின்கம்பி வரைபடங்கள், குழாய் வரைபடங்கள், உடற்பகுதியில் எத்தனை அடுக்கு எப்படிப் போடப்பட்டது என்ற குறிப்புகள் ஆகியவைதாம். அலுவலகத்தில் ஆட்கள் இருக்கும்போதே இவற்றின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்; லாயிட்ஸ் ரெஜிஸ்டர், ரினா போன்ற தரச்சான்று அமைப்பின் மேற்பார்வையில் கட்டிய படகானால் அங்கேயும் சில ஆவணங்கள் கிடைக்கும். வளைந்த ஜன்னல் கண்ணாடிகள் அந்தப் படகுக்கென்றே தனியாகச் செய்யப்பட்டவை. அவை உடைவதற்கு முன்பே ஒவ்வொன்றுக்கும் ஒட்டுப்பலகையில் அளவுப் படிவம் வெட்டி, எந்த ஜன்னலுக்குரியது என்று எழுதிப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.