சீலம் முறிந்த மறுநாள்

வணக்கம். விசாக தினத்தன்று, மதுவைத் தவிர்ப்பதாகிய பௌத்தத்தின் ஐந்தாம் சீலத்தை (ஒழுக்க உறுதியை) ஏற்று, 12ஆம் நாள் வேலை முடிந்து சிங்கப்பூரின் தேக்கா வட்டாரம் வழியாகத் திரும்புகையில் பீர் குடித்துவிட்டதாகவும், அந்தக் குற்றவுணர்வே மறுநாளும் குடிக்க வைத்ததாகவும் எழுதியிருந்தீர்கள்.

சீலத்தைப் பாலி மொழியில் ‘சிக்காபதம்’ என்பார்கள். அதற்குப் பயிற்சிக்கான படி என்று பொருளே தவிர, மீறினால் தண்டிக்கும் கட்டளை என்று பொருளில்லை. ஆகவே, தவறியவர் அதை மீண்டும் ஏற்றுக்கொள்ளலாம்.

பௌத்தக் காப்பியமான மணிமேகலை, துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தோன்றும் பன்னிரு சார்புகளை அடுக்கும்போது, நுகர்விலிருந்து (அதாவது, புலன்வழி எழும் உணர்விலிருந்து) வேட்கையும் வேட்கையிலிருந்து பற்றும் தோன்றுவதாகச் சொல்கிறது. உங்கள் மாலைப்பொழுதில் நுகர்வு என்பது உடல் அசதியும் நா வறட்சியும்தான். ‘ஒரு பீர் வேண்டும்’ என்பது அதற்கு அடுத்த கணம் எழுவது. அசதியை அசதியாகவே கவனித்து, அது ஏறி இறங்கும்வரை பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்திருக்கப் பழகுங்கள். சில வாரங்களுக்குத் தேக்காவைத் தவிர்த்து வேறு வழியில் செல்வதும் புலனடக்கமே. அதைக் கோழைத்தனமாக நான் கருதவில்லை.

ஆனால் காலையில் கை நடுங்குவதாக நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். தியானம் அதைத் தடுக்காது. சிங்கப்பூர் மனநலக் கழகத்தில் போதைப்பழக்கத்திற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு; அங்கோ, அருகிலுள்ள பலதுறை மருந்தகத்திலோ முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.